வெப்சைட்டுக்கு ஆள் வருகிறார்கள், வேலைதான் முடியவில்லை: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, எல்ல என்று இலங்கை மலையகத்தில் எங்கே போனாலும் இப்போது கெஸ்ட் ஹவுசுக்கு ஒரு வெப்சைட், டியூஷன் வகுப்புக்கு ஒன்று, தேயிலைத் தூள் விற்கிற கடைக்கு ஒன்று. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் "எல்லாம் சைட்டில் இருக்கு, பாருங்க" என்று சொல்லி வைத்த அடுத்த நிமிடமே போன் அடிக்கிறது: "அண்ணே, எங்க அமத்தணும்?"

இப்படிக் கேட்கிறவருக்கு விவரம் போதாது என்று நினைக்கிற பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டால் கோளாறு அந்தப் பத்துப் பேரிடம் இல்லை, திரையில் இருக்கிறது. நம் பக்கம் இதற்கு விலையும் அதிகம். வீட்டிலிருந்து போனில் முடிக்க வேண்டிய ஒரு விண்ணப்பம் முடியாமல் போனால், தோட்டத்தில் இருக்கிற ஒரு அக்கா அடுத்த நாள் வேலைக்குப் போகாமல் டவுனுக்கு பஸ் ஏறி, கொமினிகேஷன் கடையில் காசு கொடுத்து அதை நிரப்பிக்கொண்டு வருவார். ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. நாம் ஒரு பெட்டியைத் தப்பாக வைத்ததற்கு அவர் கட்டுகிற அபராதம் அது.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் சைட்டில் எது நடக்கிறதோ அங்கே போய்ப் பாருங்கள். அதற்கு முன் ஒரு வேலை. ஆபீஸ் லேப்டொப்பில், வைஃபையில், சைட்டைச் செய்தவரே சோதித்துப் பார்ப்பது சோதனையே இல்லை. விலை குறைந்த, சில வருடம் பழகிய ஒரு அன்ட்ராய்ட் போனை எடுங்கள், வைஃபையை அணையுங்கள், டேட்டாவில் போடுங்கள், வெளியே வெளிச்சத்தில் நின்றுகொண்டு உங்கள் சைட்டில் ஒரே ஒரு வேலையை முடிக்கப் பாருங்கள்: ஒரு ரூம் புக் பண்ணுங்கள், அல்லது ஒரு பிள்ளையை வகுப்பில் சேருங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

"சுத்திக்கிட்டே இருக்கு, திறக்க மாட்டேங்குது"

பத்தில் எட்டுத் தடவை காரணம் படங்கள்தான். கெமராவில் எடுத்த ஒன்பது வளைவுப் பாலத்தின் படம் 5 மெகாபைட், அதை அப்படியே ஏற்றி, அதுபோல ஆறு படத்தை ஸ்லைடரில் ஓட விட்டால் 30 மெகாபைட். மஸ்கெலியாப் பக்கம் ஒரு வளைவில் சிக்னல் வந்து அடுத்த வளைவில் போகிற பஸ்ஸில் இருக்கிறவருக்கு அது திறக்கவே திறக்காது. திறந்தாலும் அவர் போட்ட டேட்டா கார்டை அது தின்றிருக்கும்.

படத்தின் அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறையுங்கள், வெப்பி (WebP) வடிவில் சேமியுங்கள். ஒரு படம் 200 கிலோபைட்டுக்குள் வந்துவிடும், போனில் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. திரைக்குக் கீழே இருக்கிற படங்களை, ஆள் அங்கே வரும்போது மட்டும் இறங்குகிற மாதிரி வையுங்கள். ஸ்லைடரை எடுத்துவிடுங்கள், ஒரு நல்ல படம் போதும். தமிழ் எழுத்துருவை நாலு தடிமனில் ஏற்றியிருந்தால் இரண்டாகக் குறையுங்கள். எழுத்துரு இறங்கும்வரை எழுத்தை மறைத்து வைக்காமல், போனில் இருக்கிற எழுத்துருவிலேயே முதலில் காட்டச் சொல்லுங்கள்.

அளவுகோல் வேண்டுமென்றால், பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்கிறது கூகுள். இதைவிடப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. சைட்டை ஆட்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதியது, இன்றும் பொருந்துகிறது: 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்த மாதிரி இருக்கும், 1 வினாடி வரை யோசனை அறுபடாது, 10 வினாடியைத் தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

விலைப்பட்டியலைப் போஸ்டராக அடித்து அந்தப் படத்தை ஏற்றும் வழக்கத்தையும் விடுங்கள். பாரம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் இருக்கிற போன் நம்பரைத் தொட்டுக் கூப்பிட முடியாது, தேடினால் அகப்படாது, கண் தெரியாதவரின் போன் அதை வாசித்துச் சொல்லாது.

"தமிழ் எழுத்து உடைஞ்சு தெரியுது"

உடைவதில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. எப்படி உடைகிறது என்று கேட்டு வாங்குங்கள், ஸ்கிரீன்ஷொட் அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழ் வர வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. நோட்டீஸ் அடிக்கிற கடையில் வாங்கிய கோப்பை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள், வேறு வழி இல்லை. வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் எழுத்துருவில் தேடாதீர்கள், தரவுத்தளத்தில் சேமிக்கும்போதே தமிழ் தொலைந்துவிட்டது. தரவுத்தளம் மைஎஸ்க்யூஎல் (MySQL) என்றால் அட்டவணையின் எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்8எம்பி4க்கு (utf8mb4) மாற்றுங்கள். ஏற்கனவே கேள்விக்குறியாகச் சேர்ந்த பெயர்கள் திரும்பி வராது, அந்த ஆட்களிடம் மறுபடி கேட்டுத்தான் ஆக வேண்டும், அதனால் இதை உடனே கவனியுங்கள்.

எழுத்தின் தலையோ காலோ வெட்டுப்பட்டால் லைன் ஹைட், அதாவது வரியின் உயரம், போதவில்லை. ஆங்கிலத்துக்குப் போட்ட 1.2 தமிழுக்குக் காணாது. கீ, றீ மாதிரி மேலே சுழிக்கிற எழுத்தும் கூ, மூ மாதிரி கீழே இறங்குகிற எழுத்தும் அடுத்தடுத்த வரியில் வந்தால் ஒன்றோடொன்று மோதும். 1.6 அளவில் வைத்துப் பாருங்கள். எழுத்துகள் விலகி விலகி நின்றால் யாரோ லெட்டர் ஸ்பேசிங் (எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி) போட்டிருக்கிறார்கள், ஆங்கிலத் தலைப்புக்கு எடுப்பாக இருக்கும், தமிழில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். அதைப் பூச்சியமாக்குங்கள்.

பட்டனுக்குள் சொல் அடங்காமல் வழிகிறதா? ஆங்கிலச் சொல்லை அளந்து பட்டனின் அகலத்தைப் பிக்சலில் அடித்துவிட்டார்கள். 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்' அதில் எப்படி அடங்கும்? அகலத்தை எடுத்துவிட்டு உள்ளே நாலு பக்கமும் இடைவெளி மட்டும் கொடுங்கள், பட்டன் தானாக நீளும். கூடவே சொல்லையும் குறையுங்கள். 'அனுப்பு' என்று போட்டால் எல்லாருக்கும் புரியும்.

"படிவத்தைப் பாதியில விட்டுட்டுப் போறாங்க"

எந்தப் பெட்டியில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். நம் ஊர்ப் படிவங்களில் பெரும்பாலும் பெயர், முகவரி, அடையாள அட்டை, போன் நம்பர் என்ற நாலு இடத்தில்தான் ஆள் விழுகிறார்.

பெயர். 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டையும் கட்டாயம் ஆக்கியிருப்பார்கள். நமக்குக் குடும்பப்பெயர் ஏது? அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். ஒருவர் அப்பா பெயரை முதல் பெட்டியில் போடுவார், இன்னொருவர் இரண்டாவதில், வேறொருவர் முதலெழுத்தை மட்டும் போட்டுவிட்டு அது ஏற்காததால் புள்ளியை அழித்து மறுபடி அடிப்பார். கடைசியில் சான்றிதழில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் ஒரு பெயர். ஒரே பெட்டி வையுங்கள்: 'அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்'. புள்ளியும் இடைவெளியும் ஏற்கட்டும். 30 எழுத்தில் வெட்டாதீர்கள், நம் பெயர்கள் நீளம், தமிழில் கொம்பும் புள்ளியும் கணினிக்குத் தனித்தனி எழுத்து வேறு.

முகவரி. இதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. 'வீட்டு இலக்கம்', 'வீதி' என்று இரண்டு கட்டாயப் பெட்டி. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறவர் எந்த வீதியைப் போடுவார்? அவருக்கு இருப்பது டிவிஷன், தோட்டம், தபாலகம் மூன்றும்தான். கடிதம்கூட பல தோட்டங்களில் தோட்ட ஆபீசுக்குத்தான் போய்ச் சேர்கிறது. வேறு வழியில்லாமல் வீட்டு இலக்கத்தில் 0 என்றும் வீதியில் 'இல்லை' என்றும் போட்டுவிட்டு நகர்வார். அந்த விலாசத்தில் பார்சல் அனுப்பினால் அது எங்கே போகும்? முகவரிக்கு ஒரே பெரிய பெட்டி கொடுங்கள். கீழே 'அடையாளம் சொல்லுங்கள்: கோயில், பாடசாலை, பெக்டரி பக்கம்' என்று இன்னொரு பெட்டி, அது விருப்பமிருந்தால். தபால் குறியீட்டை ஆளிடம் கேட்காதீர்கள், ஊரைத் தெரிவு செய்தால் ஹட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200 என்று சைட்டே போட்டுக்கொள்ளட்டும். பொருள் அனுப்புகிற கடை என்றால் 'டவுனில் வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்ற தெரிவையும் வையுங்கள், கரத்தை ரோட்டில் (தோட்டத்து வண்டிப் பாதையில்) அரை மணி நேரம் உள்ளே இருக்கிறவர்கள் அதைத்தான் விரும்புவார்கள்.

அடையாள அட்டை. 2016 முதல் வருகிற புதிய அட்டையில் 12 இலக்கம். அதற்கு முந்தியது 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். பல அம்மாமார் கையில் இருப்பது இன்னும் பழையதுதான். 12 இலக்கம் மட்டும் ஏற்கிற பெட்டி அவர்களை வெளியே தள்ளுகிறது. பழையதை ஏற்கிற சில பெட்டிகளும் சின்ன 'வி' போட்டால் தப்பு என்கின்றன. எண் மட்டும் வருகிற கீபோர்டைத் திறந்துவிட்டு எழுத்தும் போடச் சொல்கிற கொடுமையும் உண்டு. இரண்டு வகையையும், பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்று: அந்த எண்ணிலேயே பிறந்த வருடமும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன, பெண்கள் என்றால் நாளோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே எண்ணை வாங்கிய பிறகு பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் திரும்பக் கேட்க வேண்டியதில்லை, நிரப்பிக் காட்டி 'சரிதானே?' என்று கேட்டால் போதும். ஒரு கவனம், பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துத்தான் அந்தக் கணக்குப் போடுகிறார்கள், அதை மறந்தால் மார்ச் 1 முதல் பிறந்தவர்களில் பலருக்கு ஒரு நாள் தப்பாகக் காட்டும். ஆனால் ஒரு டியூஷன் வகுப்புக்கு அடையாள அட்டை எண் எதற்கு? தேவைக்கு மேல் தரவு வாங்கக் கூடாது என்பது 2022இல் வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. தேவையில்லாத பெட்டியைத் தூக்கிவிடுவதைவிடச் சுலபமான திருத்தம் கிடையாது.

போன் நம்பர் சின்ன விஷயம். 07இல் தொடங்கி 10 இலக்கம் போடுவார்கள், சிலர் +94 போடுவார்கள், சிலர் நடுவில் இடைவெளி விடுவார்கள், கெஸ்ட் ஹவுஸ்காரர் 052 அல்லது 057இல் தொடங்குகிற வீட்டு நம்பரைப் போடுவார். எல்லாவற்றையும் வாங்கி உள்ளே நீங்கள் ஒழுங்குபடுத்துங்கள். அது கணினியின் வேலை.

பிழைச் செய்தியைப் பாருங்கள். 'செல்லுபடியற்ற உள்ளீடு' என்று மேலே சிவப்பில் ஒரு வரி, கீழே பதினைந்து பெட்டி. எது தப்பு? எப்படித் திருத்துவது? தப்பான பெட்டிக்கு நேர் கீழே, 'போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைகிறது' என்று எழுதுங்கள். அப்புறம், பெட்டிக்குள்ளேயே சாம்பல் நிறத்தில் பெயரை எழுதி வைக்கிற பாணி இருக்கிறதே, அடிக்கத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், பாதியில் யாரோ கூப்பிட்டுத் திரும்பி வந்தால் எந்தப் பெட்டியில் எதைப் போட்டோம் என்று தெரியாது. பெட்டியின் பெயர் பெட்டிக்கு மேலேதான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, 'அனுப்பு' தொட்ட நேரம் சிக்னல் போய், திரும்பி வந்தால் பெட்டிகள் எல்லாம் காலி. இரண்டாம் தடவை நிரப்ப யாருக்கும் மனசு வராது. அடிக்க அடிக்கப் போனிலேயே சேமித்து வைக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள், சைட் செய்பவருக்கு அது பெரிய வேலையில்லை. பொதுவாகப் பலர் தொடுகிற போன், கடைக் கணினி ஆகியவற்றை நினைத்து, அனுப்பி முடிந்ததும் அந்தச் சேமிப்பு அழிந்துவிட வேண்டும்.

"ஓடிபி வரல, வந்தாலும் வேலை செய்யல"

வந்திருக்கும், நேரம் முடிந்திருக்கும். லயத்துக்குள் சிக்னல் இல்லாமல் மேட்டுக்கு ஏறிப் போய் மெசேஜ் பார்க்கிறவருக்கு 60 வினாடி எப்படிப் போதும்? 10 நிமிடம் கொடுங்கள். 'மறுபடி அனுப்பு' என்பதை மறைக்காமல் வையுங்கள். அதைத் தொட்டால் பழைய எண் உடனே செத்துப்போகிற மாதிரி வைக்காதீர்கள், தாமதமாக முதல் மெசேஜ் வந்து அதைப் போட்டு ஏமாறுவார். மெசேஜைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பக்கம் புதிதாகத் திறக்கக் கூடாது. தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 70 எழுத்துதான் போகும், ஆங்கிலத்தில் 160. நீண்ட வணக்கம் போட்டுக் கடைசியில் எண்ணை வைத்தால் முன்னோட்டத்தில் அது தெரியாது. எண்ணை முதலில் போடுங்கள்.

"ஒரே ஆள் ரெண்டு தடவை புக் பண்ணியிருக்கார்"

தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி தொட்டார். அவ்வளவுதான். தொட்ட உடனேயே பட்டன் 'அனுப்புகிறோம், பொறுங்கள்' என்று மாற வேண்டும், இரண்டாம் தொடுகையை ஏற்கக் கூடாது. திரையில் தடுத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாவது தடவை வந்தால் சர்வர் புறக்கணிக்க வேண்டும். காசு சம்பந்தப்பட்ட இடத்தில் இது கட்டாயம். முடிந்ததும் பதிவு எண்ணைப் பெரிதாகக் காட்டுங்கள், எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்புங்கள்.

"எங்க தொடணும்னே தெரியல" / "ஒண்ணைத் தொட்டா வேற திறக்குது"

பச்சைத் தேயிலை மலைப் படத்தின் மேல் மெல்லிய வெள்ளை எழுத்து. கெஸ்ட் ஹவுஸ் சைட்டுகளில் பாதி இப்படித்தான். வெயிலில் பிடித்தால் ஒரு சொல் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலக அளவிலான அணுகல் விதி. இணையத்தில் இலவசமாகச் சோதிக்கலாம். படம் வேண்டுமென்றால் எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை ஒன்று போடுங்கள்.

தொடுகிற இடம் 24 பிக்சலுக்குக் கீழே போகக் கூடாது என்கிறது அதே விதியின் 2023 பதிப்பு. அது அடிமட்டம். 44 வையுங்கள், பக்கத்துப் பட்டனிலிருந்து இடைவெளியும் விடுங்கள். மழை நனைத்த விரலுக்குப் போன் ஒழுங்காகக் கேட்காது, நம் ஊரில் மழை இல்லாத மாதம் எது? 'ரத்து செய்' என்பதையும் 'உறுதி செய்' என்பதையும் ஒரே நிறத்தில் ஒட்டி ஒட்டி வைத்திருந்தால் இன்றே பிரியுங்கள்.

படிக்கும்போது பக்கம் திடீரென்று கீழே நகர்ந்து விரல் வேறொன்றில் பட்டால், தாமதமாக வந்த படம் இடத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. படத்தின் அகலமும் உயரமும் முன்கூட்டியே எழுதியிருந்தால் தள்ளாது.

"தமிழைத் தொட்டா முதல் பக்கத்துக்குப் போயிருது"

மூன்று மொழி சைட்டில் இது தீராத நோய். பத்துப் பக்கம் தாண்டி வந்து மொழியை மாற்றினால், மாற வேண்டியது மொழி மட்டும்தான், பக்கம் அல்ல. ஒவ்வொரு பக்கத்தையும் அதன் மற்ற மொழிப் பக்கத்தோடு நேராக இணையுங்கள். தமிழில் இன்னும் தயாராகவில்லை என்றால் அதைச் சொல்லி ஆங்கிலப் பக்கத்தைக் காட்டுங்கள், வெள்ளைப் பக்கத்தைக் காட்டாதீர்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் ஆட்சி மொழி ஆனது. தமிழ்ப் பக்கத்தைக் கடமைக்குப் பாதியில் விடுவது சரியில்லை, தனியார் சைட் என்றாலும். மொழிப் பட்டனுக்குக் கொடியும் வேண்டாம். தமிழுக்கு இந்தியக் கொடியைப் போட்டு வைத்த சைட்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்தந்த மொழியின் பெயரை அந்தந்த எழுத்தில் எழுதினால் போதும்.

"தேடினா ஒண்ணும் இல்லைங்குது"

ஹட்டன், அட்டன், ஹற்றன். மூன்றும் ஒரே ஊர். தலவாக்கலையும் தலவாக்கெலையும் அப்படித்தான். பலர் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்கள். எல்லா வடிவங்களையும் ஒரே ஊரோடு சேர்த்து வையுங்கள். வெளியூர்க்காரர் நுவரெலியாவுக்கு ரயிலில் வர நினைத்தால் நானுஓயாவில் இறங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, 'நுவரெலியா ஸ்டேஷன்' என்று தேடுவார். அதற்கும் நானுஓயாவைக் காட்டுங்கள்.

"விலை கேட்டுத்தான் போன் வருது"

முதல் திரையில் 'எங்களைப் பற்றி' இருக்கிறது, விலை இல்லை. விலை, இடம், நேரம், கூப்பிடுகிற நம்பர் நாலும் மேலே வரட்டும். ஏப்ரல் சீசனிலும் சிவனொளிபாத மலைக் காலத்திலும் விலை மாறும் என்றால் அதையும் அங்கேயே எழுதுங்கள். நம்பரைத் தொட்டால் கூப்பிட வேண்டும். வருகிறவரின் முகத்தில் அடிக்கிற பொப்அப்பை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரி செய்தாச்சு, இன்னும் ஏதோ இருக்கு

அப்படியானால் இனி யோசித்துப் பயனில்லை, ஆளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஐந்து பேர் போதும், பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். ஒரே மாதிரி ஆட்கள் என்றால் அந்தக் கணக்குச் சரி. தமிழ், சிங்களம் இரண்டிலும் சைட் இருந்தால் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். கணினி தெரிந்த நண்பர்களைக் கூப்பிடாதீர்கள். ஏ.எல். படிக்கிற ஒரு பிள்ளை, ஒரு த்ரீவீல் அண்ணன், பக்கத்து லயத்து அக்கா, கடை வைத்திருக்கிற ஒரு ஐயா, இப்படி. அவர்கள் போனிலேயே, ஒரு வேலையைக் கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. விரல் எங்கே தயங்குகிறது, எதை இரண்டு தடவை வாசிக்கிறார், எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். "இங்க என்ன செய்யணும்?" என்று கேட்டால், "நான் இல்லாட்டி என்ன செய்வீங்க?" என்று மட்டும் கேளுங்கள். வேலையை முடிக்க விடாமல் நிறுத்திய இடங்களை முதலில் திருத்துங்கள், நிறமும் அழகும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திருத்திய பிறகு அதே ஆட்களிடம் காட்டாதீர்கள், அவர்களுக்கு வழி பழகியிருக்கும். புதிய ஆளைப் பிடியுங்கள்.